பீட்டில்ஸின் மேனேஜர் பிரையன் எப்ஸ்டீன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யார் இந்த பிரையன் எப்ஸ்டீன்?

பீட்டில்ஸ் குழுவை லிவர்பூலின் ஒரு நிலவறை கிளப்பிலிருந்து உலக மேடைக்குக் கொண்டுபோன மேனேஜர். 1934 செப்டம்பர் 19 அன்று லிவர்பூலில் ஒரு யூத வியாபாரக் குடும்பத்தில் பிறந்தார். தாத்தா லிதுவேனியாவிலிருந்து வந்து மரச்சாமான் கடை போட்டவர், அப்பா அதை வளர்த்தவர். பையனுக்கோ ஆடை வடிவமைப்பில் ஆசை, அப்பா விடவில்லை. ராணுவத்தில் கட்டாயச் சேவைக்குப் போனார், பாதியிலேயே அனுப்பிவிட்டார்கள். லண்டனில் ராடா நாடகப் பள்ளியில் நடிப்புப் படிக்கச் சேர்ந்தார், அதையும் முடிக்காமல் ஊர் திரும்பினார். கடைசியில் குடும்பக் கடையில் ரெக்கார்டு பகுதியைப் பார்த்துக்கொள்ளச் சொன்னபோதுதான் கால் ஊன்றினார். 27 வயதில் மேனேஜர் ஆனவர், 32 வயதில் இறந்துபோனார். நடுவே கிடைத்தது ஆறு வருடம்கூட இல்லை.

மேனேஜர் ஆகும் முன்பு இசைத் துறையில் ஏதாவது அனுபவம் இருந்ததா?

குழுக்களை நிர்வகித்த அனுபவம் துளியும் இல்லை. ஆனால் ரெக்கார்டு விற்ற அனுபவம் நிறைய இருந்தது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் பின்னாளில் அவர் செய்த நல்லதும் கெட்டதும் விளங்கும் என்பது என் கருத்து.

குடும்பத்தின் இசைக்கடைக்கு நெம்ஸ் என்று பெயர், நார்த் எண்ட் மியூசிக் ஸ்டோர்ஸ் என்பதன் சுருக்கம். ஒயிட்சாப்பல் தெருவில் 1959-இல் திறந்த பெரிய கிளையை பிரையன்தான் நடத்தினார். அங்கே அவருக்கு ஒரு கொள்கை: வாடிக்கையாளர் என்ன ரெக்கார்டு கேட்டாலும், ஒரே ஒரு ஆள் கேட்டாலும், இல்லை என்று சொல்லி அனுப்பக்கூடாது, எங்கிருந்தாவது வரவழைத்துக் கொடுக்க வேண்டும். இருப்பு பார்க்க அவரே ஒரு முறை வைத்திருந்தார். அடுக்கில் ஒவ்வொரு ரெக்கார்டின் உறையிலும் நூல் கட்டியிருக்கும், எது தீர்ந்துபோனது, எதற்கு மறுபடி ஆர்டர் போடணும் என்று நூலைப் பார்த்தாலே தெரிந்துவிடும். லண்டனில் பாட்டு வெளியிடுகிறவர்கள் எது ஓடும் என்று ஊகித்துக்கொண்டிருந்த நேரத்தில், லிவர்பூல் பிள்ளைகள் எதைக் கேட்டு வருகிறார்கள் என்பது தினம் தினம் இவர் கல்லாவுக்கு முன்னால் நின்றது.

அந்தக் காலத்து லிவர்பூல் இசை உலகம் எப்படி இருந்தது?

துறைமுக நகரம். 1960-ஐ ஒட்டி அங்கே நூற்றுக்கணக்கான இளைஞர் குழுக்கள் இருந்தன, அரங்கம், தேவாலயக் கூடம், நிலவறை என்று கிடைத்த இடத்திலெல்லாம் வாசித்தன. மேத்யூ தெருவின் கேவர்ன் கிளப்பில் மதிய இடைவேளையிலேயே கச்சேரி நடக்கும், பக்கத்து அலுவலகங்களில் வேலை செய்யும் பெண்களும் பையன்களும் சாப்பாட்டு நேரத்தில் இறங்கி வந்து கேட்டுவிட்டுப் போவார்கள். பில் ஹாரி 1961 ஜூலையில் 'மெர்சி பீட்' என்று இந்தக் குழுக்களுக்காகவே ஒரு பத்திரிகை தொடங்கினார். முதல் இதழில் ஒரு டஜன் வாங்கிய எப்ஸ்டீன், அது சட்டென்று விற்றுத் தீர்ந்ததும் அடுத்த இதழுக்கு 12 டஜன் ஆர்டர் கொடுத்தார், கொஞ்ச நாளில் அதில் ரெக்கார்டு விமர்சனப் பத்தியும் எழுத ஆரம்பித்தார்.

எல்லாம் இருந்தும் ஒன்று இல்லை. இ.எம்.ஐ., டெக்கா, பை, பிலிப்ஸ் என்ற ரெக்கார்டு கம்பெனிகள் எல்லாமே லண்டனில். லிவர்பூல் குழு எவ்வளவு நன்றாக வாசித்தாலும் ரெக்கார்டு போடுவது என்றால் ரயில் ஏறி லண்டன் போய்க் கதவைத் தட்டியாக வேண்டும். அங்கே இவர்களின் பேச்சு வழக்கைக் கேட்டாலே ஒரு இளக்காரம். எப்ஸ்டீன் செய்த முதல் பெரிய வேலை அந்தக் கதவைத் தட்டியதுதான்.

ஒரு பையன் வந்து ரெக்கார்டு கேட்டதால்தான் பீட்டில்ஸ் பற்றியே அவருக்குத் தெரிந்தது என்கிறார்களே, உண்மையா?

எப்ஸ்டீன் தன் சுயசரிதையில் அப்படித்தான் சொன்னார்: 1961 அக்டோபர் 28 அன்று ரேமண்ட் ஜோன்ஸ் என்ற பையன் கடைக்கு வந்து, ஜெர்மனியின் ஹாம்பர்கில் பதிவான 'மை போனி' ரெக்கார்டைக் கேட்டான் என்று. டோனி ஷெரிடன் பாட, பின்னணியில் பீட்டில்ஸ் வாசித்த ரெக்கார்டு அது. பிறகு எப்ஸ்டீனின் உதவியாளர் அலிஸ்டர் டெய்லர், அந்தப் பெயரை ஆர்டர் புத்தகத்தில் எழுத நான்தான் கற்பனை செய்தேன் என்றார். ஆனால் ரேமண்ட் ஜோன்ஸ் நிஜமாகவே இருந்த ஆள்தான்.

பையன் வந்து கேட்டிருக்கட்டும், அதற்கு முன் பீட்டில்ஸ் பெயரே தெரியாது என்பதை மட்டும் என்னால் நம்ப முடியவில்லை. தன் கடையில் கட்டுக்கட்டாக விற்ற பத்திரிகை, தானே பத்தி எழுதிய பத்திரிகை, அதன் இரண்டாவது இதழின் முதல் பக்கத்தில் வந்த செய்தியே இந்தக் குழுவின் ஹாம்பர்க் ஒப்பந்தம் பற்றியது. எப்படியும் 1961 நவம்பர் 9 மதியம் அவரும் டெய்லரும் கோட்டு சூட்டோடு கேவர்னில் இறங்கினார்கள், கடையிலிருந்து நடந்துபோகிற தூரம்தான். மேடையில் தோல் ஜாக்கெட் போட்ட நான்கு பேர் பேசிக்கொண்டும் சாப்பிட்டுக்கொண்டும் சிகரெட் பிடித்துக்கொண்டும் வாசித்தார்கள். அவர்களின் தாளமும் மேடையில் அவர்கள் அடித்த நையாண்டியும் அவரைப் பிடித்துக்கொண்டன.

முதல் ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்தே போடவில்லை என்பது சரியா?

சரிதான். 1962 ஜனவரி 24 அன்று நால்வரும் கையெழுத்துப் போட்டார்கள், அவர் போடவில்லை. எதையும் சாதிக்காமல் போனால் அவர்கள் தடையில்லாமல் விலகிப் போகட்டும் என்று நினைத்ததாகப் பின்னால் சொன்னார். அதே வருடம் அக்டோபர் 1-இல் சட்டப்படி செல்லுபடியாகும் புது ஒப்பந்தம் போட்டார்கள், ஐந்து வருடத்துக்கு. வருமானம் ஏற ஏற அவர் கமிஷனும் 15-இலிருந்து 25 சதவீதம் வரை ஏறும். பால் மெக்கார்ட்னிக்கும் ஜார்ஜ் ஹாரிசனுக்கும் அப்போது 21 வயது நிரம்பவில்லை, அதனால் அப்பாக்களும் கையெழுத்துப் போட்டார்கள்.

25 சதவீதம் அதிகம்தான். ஆனால் அதிலிருந்துதான் அவர் தன் அலுவலகம் முழுவதையும் நடத்தினார், முதல் வருடம் கைக்காசு போட்டுத்தான் ஓட்டினார்.

அவர்களை சூட் போடவைத்துக் கெடுத்துவிட்டார் என்று சிலர் சொல்கிறார்களே?

தோல் ஜாக்கெட்டோடு இருந்திருந்தால் 1962-இல் எந்தத் தொலைக்காட்சியும் உள்ளே விட்டிருக்காது. பர்க்கன்ஹெட்டில் பெனோ டோர்ன் என்ற தையல்காரரிடம் கூட்டிப்போய் சூட் தைத்தார், மேடையில் சாப்பிடக்கூடாது, திட்டக்கூடாது, பாட்டு முடிந்ததும் சேர்ந்து குனிந்து வணங்க வேண்டும் என்றார். நாடகப் பள்ளியில் மூன்று பருவம் படித்தவரின் கண் அது. பாட்டில் அவர் கை வைக்கவில்லை, எதை எப்படிப் பாட வேண்டும் என்பதை அவர்களிடமே விட்டார். மேனேஜர் என்று வந்தவர்களில் இந்த எல்லைக்கோடு தெரிந்தவர்கள் ரொம்பக் குறைவு.

டெக்கா ஏன் பீட்டில்ஸை வேண்டாம் என்றது?

1962 ஜனவரி 1 அன்று லண்டனில் தேர்வு நடந்தது. 15 பாட்டு பதிவு செய்தார்கள், பெரும்பாலும் பிறர் பாட்டு, பதற்றத்தோடு வாசித்தது. டெக்கா ஒரே ஒரு குழுவைத்தான் எடுக்கப்போகிறது என்ற நிலையில், பக்கத்திலேயே இருந்த பிரையன் பூல் அண்ட் த ட்ரெமலோஸ் குழுவை எடுத்துக்கொண்டார்கள். கிடார் குழுக்களின் காலம் முடிந்தது என்று டெக்காவின் டிக் ரோ சொன்னதாக எப்ஸ்டீன் எழுதினார், ரோ கடைசிவரை அதை மறுத்தார்.

மற்ற கம்பெனிகளும் கைவிரித்தன. அடுத்து நடந்ததைக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்ல வேண்டும், மேனேஜர் வேலை என்பது என்னவென்று அதில்தான் தெரியும். டேப்பைத் தூக்கிக்கொண்டு அலைந்தால் யாரும் கேட்கமாட்டார்கள், தட்டாக இருந்தால் அங்கேயே போட்டுக் கேட்பார்கள் என்று, 1962 பிப்ரவரியில் ஆக்ஸ்ஃபோர்டு தெருவின் எச்.எம்.வி. கடைக்குப் போனார். காசு கொடுத்தால் டேப்பைத் தட்டாக வெட்டிக் கொடுக்கும் பகுதி அங்கே இருந்தது. வெட்டிக்கொண்டிருந்த ஜிம் ஃபாய் பாட்டைக் கேட்டுவிட்டு, இதில் சொந்தப் பாட்டு இருக்கிறதா என்று விசாரித்தார். இருக்கிறது என்றதும் மாடியில் இருந்த இ.எம்.ஐ.யின் பாட்டு உரிமைக் கம்பெனி ஆள் சிட் கோல்மனிடம் அனுப்பினார். கோல்மன் வழியாக இ.எம்.ஐ.யின் பார்லஃபோன் பிரிவில் ரெக்கார்டு தயாரித்த ஜார்ஜ் மார்ட்டினைச் சந்தித்தார். மார்ட்டின் அதுவரை நகைச்சுவை ரெக்கார்டுகளுக்குப் பேர்போனவர், அவருக்கும் உடனே பிடித்துவிடவில்லை. ஆனாலும் ஜூன் 6-இல் ஆபி ரோடு ஸ்டூடியோவில் பீட்டில்ஸின் முதல் பதிவு நடந்தது.

இதற்கிடையே சத்தமில்லாமல் இன்னொரு வேலையும் முடித்தார். ஹாம்பர்கில் பெர்ட் கேம்ஃபெர்ட் என்ற ரெக்கார்டு தயாரிப்பாளரோடு குழு ஏற்கெனவே போட்டிருந்த பழைய ஒப்பந்தம் ஒன்று இருந்தது, கடிதம் எழுதி அதிலிருந்து விடுவித்தார். அது இருந்திருந்தால் இ.எம்.ஐ. தொட்டிருக்காது.

முதல் பாட்டை மேலே ஏற்ற அவரே 10,000 ரெக்கார்டு வாங்கினாரா?

இப்படி ஒரு வதந்தி அன்றிலிருந்து ஓடுகிறது. அவர் மறுத்தார். 'லவ் மீ டூ' 1962 அக்டோபர் 5-இல் வெளிவந்து விற்பனைப் பட்டியலில் 17-ஆம் இடம் வரைதான் போனது. லிவர்பூலில் அவர்களுக்கு இருந்த கூட்டத்துக்கு நிறைய விற்கத்தானே செய்யும், நெம்ஸ் அங்கே பெரிய கடை, அதிகமாக ஆர்டர் போட்டிருந்தாலும் ஆச்சரியம் இல்லை. ஒரு கடையில் வாங்கிக் குவிப்பதால் நாடு முழுவதும் பாட்டு ஓடிவிடாது என்பது ரெக்கார்டு வியாபாரிக்குத் தெரியாமலா இருக்கும்.

டிரம்மர் பீட் பெஸ்டை நீக்கியது அவரா?

முடிவு மற்ற மூவருடையது, சொல்லும் வேலை மட்டும் இவர் தலையில் விழுந்தது. ஜார்ஜ் மார்ட்டின் பதிவுக்கு வேறு டிரம்மர் வைத்துக்கொள்கிறேன் என்றதும் அவர்கள் மனசில் ஏற்கெனவே இருந்தது உறுதியாகிவிட்டது. 1962 ஆகஸ்ட் 16-இல் அலுவலகத்துக்கு அழைத்துச் சொன்னார். ரிங்கோ ஸ்டார் வந்தார். ரசிகர்கள் கொதித்தார்கள், ஜார்ஜ் ஹாரிசன் கண்ணில் குத்து வாங்கினார், கேவர்னுக்குள் எப்ஸ்டீன் பாதுகாப்பு இல்லாமல் போக முடியாத நிலை சில நாள் இருந்தது.

ஒப்பந்தங்களில் அவர் ஏமாந்துபோனவர், மோசமான வியாபாரி என்பது நியாயமான குற்றச்சாட்டா?

பாதி நியாயம். நீளமாகவே சொல்கிறேன்.

இ.எம்.ஐ.யோடு போட்ட முதல் ஒப்பந்தத்தில் ஒரு சிங்கிளுக்கு, அதாவது பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சின்ன ரெக்கார்டுக்கு, ராயல்டி ஒரு பென்னி. அன்றைய பவுண்டுக்கு 240 பென்னி. பத்து லட்சம் ரெக்கார்டு விற்றால் நால்வருக்கும் சேர்த்து 4,166 பவுண்டு சொச்சம், அதிலும் மேனேஜர் பங்கு போகும். கொடுமைதான். ஆனால் எல்லோரும் விரட்டிவிட்ட, பேர் தெரியாத ஊர்க் குழுவுக்கு அன்று கிடைத்த ஒரே ஒப்பந்தம் அது. மறுத்துவிட்டு வந்திருந்தால் எங்கே போயிருப்பார்கள்?

பாட்டு உரிமை விஷயம் வேறு. 'லவ் மீ டூ' பாட்டைப் பிரபலப்படுத்த உரிமைக் கம்பெனி ஒன்றும் செய்யவில்லை என்று கோபப்பட்டு, மார்ட்டின் சொன்ன பேரில் டிக் ஜேம்ஸ் என்ற இன்னொரு பாட்டு உரிமைக்காரரிடம் போனார். ஜேம்ஸ் அவர் கண்முன்னாலேயே தொலைக்காட்சித் தயாரிப்பாளருக்குப் போன் போட்டு, போனிலேயே குழுவின் அடுத்த பாட்டை ஒலிக்கவிட்டு, நிகழ்ச்சிக்கு இடம் வாங்கிக் கொடுத்தார். எப்ஸ்டீன் அதில் மயங்கிப்போனார். 1963-இல் நார்தர்ன் சாங்ஸ் என்ற கம்பெனி தொடங்கியது: பாதி டிக் ஜேம்ஸுக்கும் அவர் கூட்டாளிக்கும், குழுவுக்குப் பாட்டு எழுதிய ஜான் லெனனுக்கும் மெக்கார்ட்னிக்கும் ஆளுக்கு 20 சதவீதம், எப்ஸ்டீன் தரப்புக்கு 10. அன்றைய வழக்கத்துக்கு இது தாராளமான ஏற்பாடுகூட. ஆனால் பாதிப் பங்கு வெளியாள் கையில் போனதால்தான் 1969-இல் ஜேம்ஸ் தன் பங்கை ஏ.டி.வி. என்ற தொலைக்காட்சிக் கம்பெனிக்கு விற்றபோது பாட்டு எழுதியவர்கள் தடுக்க முடியாமல் நின்றார்கள்.

மன்னிக்கவே முடியாதது பொம்மை, விக், சட்டை விற்பனை. பீட்டில்ஸ் பெயர் போட்ட பொருள்களை அமெரிக்காவில் விற்கும் உரிமையை, வழக்கறிஞர் வழியாக, 'செல்டேப்' என்ற கம்பெனிக்குக் கொடுத்தார்கள். வந்ததில் 90 சதவீதம் அந்தக் கம்பெனிக்கு, எப்ஸ்டீனின் நிர்வாகக் கம்பெனியான நெம்ஸுக்கு வெறும் 10. பிறகு திருத்தினார்கள், வழக்குப் போட்டார்கள், அதற்குள் பெரிய கடைகள் ஆர்டரை ரத்து செய்துவிட்டன.

எனக்குத் தோன்றுவது இதுதான். அவர் கடைக்காரர். எத்தனை தட்டு விற்கும் என்பதை விரல் நுனியில் வைத்திருந்தார். பாட்டின் உரிமை, பெயரின் உரிமை மாதிரி கையில் பிடித்துப் பார்க்க முடியாத சரக்குக்கு என்ன விலை என்பது அவருக்குப் பழக்கமில்லை. அன்று அது பிரிட்டனில் யாருக்குமே சரியாகத் தெரியாது, ஏனென்றால் அந்த அளவுக்கு யாரும் விற்றதே கிடையாது.

ஆனால் ஒன்றை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. 1967 ஜனவரியில் இ.எம்.ஐ.யோடு ஒன்பது வருடத்துக்குப் புது ஒப்பந்தம் போட்டார். ராயல்டி பெரிதாக ஏறியது, நல்லது. பணம் மட்டும் நெம்ஸ் வழியாக வரும், நெம்ஸ் தன் 25 சதவீதத்தைப் பிடித்துக்கொள்ளும், அதே வருடம் முடியவிருந்த மேனேஜர் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாவிட்டாலும்கூட. கச்சேரிக்குப் போவதை அவர்கள் நிறுத்திவிட்டார்கள், நம்மை வைத்துக்கொள்வார்களோ இல்லையோ என்ற பயம் அவருக்கு இருந்தது. பயந்த மனிதர் செய்த காரியம் என்று எனக்குப் புரிகிறது. அவர்களுக்கு விளங்கும்படி சொல்லிச் செய்திருக்க வேண்டும்.

அமெரிக்காவில் அவர் பங்கு என்ன?

1963 நவம்பரில் நியூயார்க் போய், பிரபல தொலைக்காட்சி நிகழ்ச்சி நடத்திய எட் சல்லிவனோடு பேசினார். மூன்று நிகழ்ச்சிக்கும் சேர்த்து 10,000 டாலர், பெரிய தொகை இல்லை. பதிலுக்கு அவர் கேட்டது நிகழ்ச்சியில் முதல் இடம், அமெரிக்காவில் அப்போது யாருக்குமே தெரியாத குழுவுக்கு. 1964 பிப்ரவரி 9 அன்று ஏழு கோடிக்கும் மேற்பட்டவர்கள் பார்த்தார்கள். பணத்தை விட்டுக்கொடுத்து இடத்தை வாங்கிய இந்த ஒரு பேரத்துக்காகவே அவரை நல்ல வியாபாரி என்பேன்.

பீட்டில்ஸ் தவிர வேறு யாரையெல்லாம் பார்த்துக்கொண்டார்?

ஜெர்ரி அண்ட் த பேஸ்மேக்கர்ஸ், பில்லி ஜே கிரேமர், ஃபோர்மோஸ்ட், சில்லா பிளாக் என்று லிவர்பூல் பட்டாளமே இருந்தது. ஜெர்ரியின் முதல் மூன்று சிங்கிளும் 1963-இல் முதலிடம் பிடித்தன, அதற்கு முன் பிரிட்டனில் யாரும் செய்யாதது. சில்லா பிளாக் கேவர்னில் கோட்டு வாங்கி வைக்கும் வேலை பார்த்த பெண், அவரைப் பெரிய தொலைக்காட்சி நட்சத்திரம் ஆக்கும் வழியையும் இவர்தான் திறந்துவிட்டார். எல்லாம் ஜெயிக்கவில்லை. டாமி குயிக்லி மேல் நிறையச் செலவழித்தார், ஒன்றும் ஓடவில்லை. பிக் த்ரீ குழு சூட்டும் மெல்லிய பாட்டும் ஒத்துவராமல் பிரிந்துபோனது.

இன்னொன்று. விலை ஏறும் முன்பே ஒப்புக்கொண்ட சின்னச் சின்னக் கச்சேரிகளை, பாட்டு முதலிடம் போன பிறகும், பேசிய பழைய தொகைக்கே போய் வாசிக்க வைத்தார். குழுவுக்கு எரிச்சல்தான். வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான் என்பார்.

அவர் லண்டன் போனதால் லிவர்பூல் இசை உலகம் செத்துப்போனதா?

1964-இல் நெம்ஸ் அலுவலகத்தை லண்டனுக்கு மாற்றினார். நல்ல குழுக்கள் எல்லாம் பின்னாலேயே போய்விட்டன, போகாதவற்றை ரெக்கார்டு கம்பெனிகள் வந்து அள்ளி, ஒன்றிரண்டு சிங்கிள் போட்டுப் பார்த்துக் கைவிட்டன. கேவர்ன் கடனில் மூழ்கி 1966 பிப்ரவரியில் மூடப்பட்டது, அதே வருடம் ஜூலையில் வேறு ஆட்கள் நடத்தத் திறந்தது. பழியை அவர் ஒருத்தர் மேல் போடமாட்டேன். ஸ்டூடியோ, அச்சகம், வானொலி, பத்திரிகை எல்லாம் லண்டனில் குவிந்திருந்தபோது லிவர்பூலில் உட்கார்ந்து அந்த அளவு வியாபாரம் நடத்தியிருக்க முடியாது. ஆனால் அவ்வளவு பணம் வந்தும் ஊரில் ஒரு ஸ்டூடியோ போட யாருக்கும் தோன்றாமல் போனது எனக்கு இன்றும் வருத்தம்.

அவர் தன்பாலின ஈர்ப்பாளர் என்பது அவருடைய வேலையைப் பாதித்ததா?

வாழ்க்கை முழுவதையும் பாதித்தது. ஆணும் ஆணும் உறவு வைத்துக்கொள்வது அன்று இங்கிலாந்தில் சிறைத் தண்டனைக்குரிய குற்றம். மிரட்டிப் பணம் பறித்தவர்கள் இருந்தார்கள், போலீஸ் பயம் எப்போதும் இருந்தது. நாலு பேருக்கும் விஷயம் தெரியும். வெளியே தெரிந்தால் குழுவின் பெயரும் சேர்ந்து போய்விடும் என்று அத்தனை வருடமும் மூடி வைத்தே வேலை பார்த்தார். தூக்கத்துக்கு ஒரு மாத்திரை, விழித்திருக்க ஒரு மாத்திரை என்ற பழக்கத்தை இதிலிருந்து பிரித்துப் பார்க்க எனக்கு மனமில்லை. சட்டம் 1967 ஜூலை 27-இல் மாறியது. ஆகஸ்ட் 27-இல் அவர் இறந்தார்.

தற்கொலையா?

விசாரணை அதிகாரி விபத்து என்றே தீர்ப்புச் சொன்னார். கார்பிரிட்டல் என்ற தூக்க மாத்திரை உடம்பில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து எல்லை தாண்டிவிட்டது. அப்பா இறந்து ஆறு வாரம்தான் ஆகியிருந்தது, அம்மாவை லண்டனுக்கே கூட்டிவந்து வைத்துக்கொள்ள ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். பீட்டில்ஸ் அன்று தியான குரு மகரிஷி மகேஷ் யோகியோடு வேல்ஸில் பாங்கர் நகரில் இருந்தார்கள், செய்தி அங்கேதான் போனது.

அவர் போனபின் பீட்டில்ஸ் உடைந்ததற்கு அதுதான் காரணமா?

ஒரே காரணம் இல்லை, வயது, காதல், பாட்டு எல்லாம் அவர்களைப் பிரித்துக்கொண்டுதான் இருந்தன. ஆனால் நாலு பேரும் நம்பிய ஒரு ஆள் அதன்பின் கிடைக்கவே இல்லை. 1969-இல் மூவர் ஆலன் கிளைனை மேனேஜராகப் பிடித்தார்கள், மெக்கார்ட்னி ஏற்கவில்லை, 1970 டிசம்பர் 31-இல் வழக்குப் போட்டார்.

அவருக்கு ஏதாவது கௌரவம் கிடைத்ததா?

1965-இல் நால்வருக்கும் எம்.பி.இ. என்ற பிரிட்டிஷ் அரசுப் பட்டம் கொடுத்தார்கள், அவருக்கு இல்லை. அது அன்றே பலருக்கு உறுத்தியது. ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் அவரைச் சேர்த்துக்கொண்டது 2014-இல்தான், ஜார்ஜ் மார்ட்டினைச் சேர்த்து 15 வருடம் கழித்து. 2022-இல் லிவர்பூலில் சிலை வைத்தார்கள், நெம்ஸ் கடை இருந்த அதே ஒயிட்சாப்பல் தெருவில்.